பின்னே பார்க்கும் அம்பு

லேபிலிருந்து மூன்றாம் முறை போன்.
"மேற்கு மாம்பலம் சாம்பிள் உடைஞ்சிருக்கு.
திரும்ப எடுத்துட்டு வா."
உடைந்தது குழாய் அல்ல,
உள்ளேயிருந்த ரத்தம்.
குலுங்கிக் குலுங்கிச் சிவப்பணு கிழிந்து
சீரம் ரோஸ்மில்க் நிறத்தில் நின்றதாம்.

குலுக்கியது என் டயர்.
கட்டை கட்டையாய்ப் பல் வைத்தது.
மலையேற வாங்கியவன்
பல்லாவரம் குன்றுகூட ஏறாமல்
வண்டியோடு பாதி விலைக்குத் தள்ளிவிட்டது.
அசோக் நகர்த் தார்ச்சாலையில் அது உருண்டால்
மாவு மில் நகர்ந்து வருவதுபோல் இரைச்சல்.
நாய்கள் முன்கூட்டியே எழுந்து நின்று வரவேற்கும்.

ஒன்பது மணிக்குள் பதினொரு வீடு.
எல்லோரும் வெறும் வயிறு, எல்லோருக்கும் கோபம்.
ஒற்றைச் சக்கரம் என்றால் லிஃப்டில் கூடவே ஏறும்,
வாட்ச்மேனிடம் பார்க்கிங் கேட்காது.
அதனால் வண்டியை விட மனமில்லை.
டயரை விடலாம்.

ஜி.பி. ரோட்டில்
"பதினெட்டுக்கு மூணு" என்றேன்.
"எந்த வண்டிக்கு?"
போனில் படம் காட்டினேன்.
கடைக்கார சர்புதீன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"மீதி சக்கரம் எங்கம்மா?"

அவர் இறக்கிக் கொடுத்த பதினெட்டு
என் இடுப்புக்கு வந்தது.
இஞ்ச் டேப் கேட்டு வாங்கினேன்.
அவருடைய பதினெட்டு உள்ளே இரும்பு வளையம்.
என்னுடைய பதினெட்டு வெளியே ரப்பர் விளிம்பு.
அவருடைய பதினான்குதான் என்னுடைய பதினெட்டு
என்று நாங்கள் சமாதானமாக
ஒரு டீ ஆறிப்போனது.

இரண்டு டயர் மிஞ்சின.
ஒன்று நடுவில் தட்டை.
நேராகப் போகும்; சாயச் சொன்னால்
தாசில்தார் அலுவலகம்போல் நாளைக்கு வா என்னும்.
மற்றது முட்டையின் முதுகு.
கட்டைவிரலால் வருடினேன்,
எங்கும் விளிம்பு தட்டவில்லை.
மழைநீர் வடிய ஓரமாய் மெலிந்த வாய்க்கால்கள்.
இது.

ஞாயிறு. ஜாபர்கான்பேட்டை, மூன்றாம் மாடி.
கழற்றிய திருகுகளை
இட்லித்தட்டின் குழிகளில் போட்டேன்:
மேல்தட்டு இடப்பக்கம், கீழ்த்தட்டு வலப்பக்கம்.
பெனடிக்டா நைட்டியை ஏற்றிச் செருகிக்கொண்டு
பழைய டயர்மேல் ஏறி நின்றாள்.
அது ரிம்மை விடவில்லை.
நானும் ஏறினேன்.
இரண்டு பெண்கள், நூற்றுப்பத்துக் கிலோ,
ஒரு டயர்மேல் கட்டிப்பிடித்துக் குதித்ததை
எதிர்வீட்டு பால்கனி ஆர்வமாய்ப் பார்த்தது.

பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துத் தடவி
லீவர் போட்டு நெம்பியதில்
முதல் ட்யூப் கடிபட்டது.
மறுபடி பஸ், மறுபடி ஜி.பி. ரோடு,
ஞாயிறென்று பாதிக் கடை மூடல்.
இரண்டாம் ட்யூபுக்கு முகப்பவுடர் பூசி
வயரில் படாமல் விரலால் வழிகாட்டி உள்ளே விட்டேன்.
காற்றடிக்க, அடிக்க,
டப்.
வரும் என்று தெரிந்திருந்தும்
இருவரும் அலறினோம்.

பெட்ரோல் பங்க் பையன் முப்பத்தைந்து வைப்பான்.
என் எடைக்கு அது கல்.
இருபத்தாறில் நிறுத்தினேன்.

கடைசித் திருகு இறுகியபின் பெனடிக்டா கேட்டாள்:
"இந்த அம்பு ஏன்டி பின்னாடி பாக்குது?"

இருபத்திரண்டு திருகுகள்.
இட்லித்தட்டை அப்போதுதான்
கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

இரண்டு சக்கரம் உள்ளவர்களுக்கு
முன்னது நிறுத்தும், பின்னது தள்ளும்.
எனக்குத் தள்ளுவதும் இதுவே, நிறுத்துவதும் இதுவே.
எந்த வேலைக்கு எந்தத் திசை என்று
அம்புக்கு மட்டும் எப்படித் தெரியும்?
சொல்லிப் பார்த்தேன்.
பெனடிக்டா நம்பவில்லை.
நானும் பாதிதான்.
ஐப்பசிக்குள் பிரித்து மாற்றணும் என்று
காலண்டரில் எழுதிவைத்தேன்.

விடிகாலை ஐந்தே முக்கால்.
புது டயரின் ரப்பர் மயிர்கள் இன்னும் தேயவில்லை,
குழந்தைக் காதில் இருப்பதுபோல்.
லேசாகச் சாய்ந்தேன், தெரு தானாய் வளைந்தது.
பையில் ஒரு குழாய்கூடக் கிலுங்கவில்லை.
நாய்கள் தூக்கத்திலேயே என்னைக் கடக்கவிட்டன.

பால் பாக்கெட் எடுக்கக் குனிந்தவர்
துள்ளி நிமிர்ந்து கத்தினார்,
"ஒரு மணி அடிக்கக்கூடாதா?"

மணி இல்லை.
இத்தனை நாள்
டயர்தான் அடித்துக்கொண்டிருந்தது.